முதல் வருடத்தைத் தாண்டிக் குதித்தவர்கள்

2024 மே 6, திங்கட்கிழமை. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த நாள். காலை பத்து மணிக்கு அக்காவிடமிருந்து வாட்ஸ்ஆப்பில் மகனின் மார்க் பட்டியல் வந்தது. கூடவே ஒரு வரி: "தம்பி, இவனுக்குக் கம்ப்யூட்டர் கெடைக்குமா?"

தமிழ் 62, இங்கிலீஷ் 48, கணக்கு 41, இயற்பியல் 38, வேதியியல் 44, கம்ப்யூட்டர் சயின்ஸ் 65. மொத்தம் 600-க்கு 298.

போன் போட்டேன். எடுத்தது மாமா, அக்காவின் கணவர். புதுச்சத்திரம் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் சூப்பர்வைசராக இருக்கிறார். "மாப்ள, காலைல இருந்து பண்ணைலயே உக்காந்திருக்கறான். சோத்துக்குக் கூப்ட்டா வரமாட்டேங்கறான். நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போனாத் தேவலை" என்றார். சாயங்காலம் வேலை முடிந்ததும் சேலத்திலிருந்து பஸ் ஏறினேன்.

அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டுத் திண்ணையில் பேசியதையும், அதற்கப்புறம் நாங்கள் அலைந்து தெரிந்துகொண்டதையும் எழுதி வைக்கிறேன். எங்கள் பக்கம் ஒவ்வொரு மே மாதமும் எத்தனையோ வீடுகளில் இதே கேள்வி. பதில் தெரிந்தவர்கள் பக்கத்தில் இல்லாததால்தான் பாதிப் பேர் தப்பான இடத்தில் பணத்தைக் கட்டுகிறார்கள்.

முதலில் கட்-ஆஃப் போட்டோம். கணக்கை அப்படியே 100-க்கு எடுக்க வேண்டும், இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்க வேண்டும். 41, 19, 22. கூட்டினால் 200-க்கு 82. "அப்ப இன்ஜினியரிங் விண்ணப்பமே போட முடியாதா?" என்றாள் அக்கா. முடியும். பொறியியல் கலந்தாய்வுக்கு இந்த மூன்று பாடத்தின் சராசரி பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், மற்ற பிரிவுகளுக்கு 40 இருந்தால் போதும். பையனுடைய சராசரி 41. நாங்கள் பி.சி. ஒரு மார்க்கு வித்தியாசத்தில் உள்ளே இருந்தான். ஆனால் 82 கட்-ஆஃப் என்றால் மூன்று சுற்றில் கடைசிச் சுற்று. நல்ல கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சீட்டெல்லாம் போய், மிச்சம் இருப்பதில் ஒன்றைப் பொறுக்கிக்கொள்வதுதான்.

"இன்னொரு வழி இருந்துச்சுக்கா, அதை நாமளே அடைச்சிட்டோம்" என்றேன். பத்தாவது வரைக்கும் பையன் உள்ளூர் அரசுப் பள்ளியில்தான் படித்தான். ப்ளஸ் ஒன்னுக்கு ஊரே சொன்னது என்று ஒரு ரெசிடென்ஷியல் பள்ளியில் சேர்த்தார்கள். ஆறாவது முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீதம் இடம் ஒதுக்கி 2021-இல் சட்டம் வந்தது. அவர்களுக்குள்ளேயே தனித் தரவரிசை. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. பையன் இருந்த பள்ளியிலேயே இருந்து இதே மார்க் வாங்கியிருந்தால் அந்த வரிசையில் நின்றிருப்பான். 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கியது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் படித்துவிட்டுக் கல்லூரிக்கோ பாலிடெக்னிக்குக்கோ போகும் பையன்களுக்கு மாதம் 1,000 ரூபாய். பெண்பிள்ளைகளுக்கு 2022-இலிருந்தே புதுமைப்பெண் திட்டத்தில் அதே தொகை. இவனுக்கு அதுவும் இல்லை. மார்க் கூடக் கிடைக்கும் என்று இடம் மாற்றினோம், மார்க்கும் வரவில்லை, ஒதுக்கீடும் போனது. நாமக்கல் மாவட்டத்தில் பத்தாவது முடித்த பிள்ளையை வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி இதைச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது எனக்கு.

பேசிக்கொண்டிருக்கும்போதே மாமாவின் போன் மூன்று முறை அடித்தது. எல்லாம் ஏஜென்ட். ரிசல்ட் வந்த அன்றைக்கே நம்பர் எப்படிக் கிடைக்கிறதோ. "கம்ப்யூட்டர் சீட்டு ரெண்டுதான் பாக்கி இருக்குதுங்க, ஒரிஜினலைக் கொண்டாந்து குடுத்து புக் பண்ணிக்குங்க" என்கிறார்கள். ஒரிஜினல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு கலங்கும். என்னோடு படித்த ஒருவன் ஒரு கல்லூரியில் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் கொடுத்துவிட்டு, வேறு இடம் கிடைத்ததும் திருப்பிக் கேட்டான். முழுக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். கலந்தாய்வுத் தேதி போய்விட்டது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் யு.ஜி.சி., ஏ.ஐ.சி.டி.இ. விதி. மாமாவிடம் நான் அன்றைக்குக் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: பத்து நாளைக்கு எங்கேயும் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள்.

என் கதையைப் பையனிடம் அதுவரை முழுதாகச் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் சொன்னேன்.

எங்கள் வீடு பள்ளிபாளையம். அப்பாவுக்கு நாலு தறி. 2004-இல் என்னை ஒரு ரெசிடென்ஷியல் பள்ளியில் சேர்க்க அதில் ஒரு தறியை விற்றார். சேர்ந்த அன்றைக்கே ப்ளஸ் டூ புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். ப்ளஸ் ஒன் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. இரண்டு வருடமும் ஒரே பாடத்தைத் திருப்பித் திருப்பி எழுதுவோம், விடிகாலை நாலரை மணியிலிருந்து. மனப்பாடம் செய்ய முடிந்தவர்கள் அள்ளினார்கள். எனக்குக் கணக்கில் அடித்தளமே இல்லை. இன்டக்ரேஷன் என்றால் என்ன என்று ப்ளஸ் ஒன்னில் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். 2006 மார்ச்சில் கணக்கில் 200-க்கு 58, பாஸ் மார்க் 70. நுழைவுத் தேர்வு இருந்த கடைசி வருடம் அது, எனக்கு அந்தக் கவலையே தேவைப்படவில்லை.

துணைத் தேர்வு எழுதி 81 வாங்கினேன். பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் தறிப் பட்டறையில் ஃபிட்டர், அவர்தான் சொன்னார்: "ப்ளஸ் டூ பாஸ்னா பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருசம் போடுவாங்க. அங்கிருந்து பி.இ. ரெண்டாம் வருசம். காரைக்குடிக்குப் போ." அப்படித்தான் டிப்ளமோ கம்ப்யூட்டரில் இரண்டாம் ஆண்டு சேர்ந்தேன். 2008-இல் ராத்திரி பஸ் பிடித்துத் திருச்சி, புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடி. நேரடி இரண்டாமாண்டு பி.இ. கலந்தாய்வை அழகப்ப செட்டியார் பொறியியல் கல்லூரிதான் மாநிலம் முழுவதுக்கும் நடத்துகிறது. இன்றைக்கும் அவர்கள்தான், இப்போது ஆன்லைனில். அப்பா மஞ்சப்பையில் சர்டிஃபிகேட்டை வைத்து மடியிலேயே வைத்திருந்தார். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தது. திரும்பும்போது இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அப்பா இரண்டு டீ வாங்கினார், அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது இதற்கப்புறம் நடந்ததை.

மூன்றாம் செமஸ்டர், கணக்குத் தாள், ஃபூரியர் தொடர். போர்டில் எக்ஸ் ஸ்கொயரை காஸ் என்எக்ஸால் பெருக்கி இன்டக்ரேட் செய்யச் சொன்னார்கள். சுற்றி இருந்தவர்கள் பெர்னோலி சூத்திரம் என்று எழுதி, ஒரு பக்கம் டிஃபரன்ஷியேட், இன்னொரு பக்கம் இன்டக்ரேட், கூட்டல், கழித்தல், கூட்டல் என்று மூன்று வரியில் முடித்துவிட்டார்கள். நான் அந்தப் பெயரையே அன்றைக்குத்தான் கேட்கிறேன். அது டிப்ளமோவில் முதல் வருடப் பாடம், நான் நேராக இரண்டாம் வருடத்தில் சேர்ந்தவன். பி.இ.யிலும் முதல் வருடக் கணக்கில் அதை வைத்துத்தான் மேலே போகிறார்கள், அங்கேயும் நான் இரண்டாம் வருடத்தில் ஏறியவன். அதற்கும் முன்னால் ப்ளஸ் ஒன்னிலும் தாண்டிவிட்டார்கள். மூன்று முறை முதல் வருடத்தைத் தாண்டிக் குதித்திருக்கிறேன் என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது உறைத்தது.

இந்த நேரடி இரண்டாமாண்டுச் சேர்க்கை, அதாவது லேட்டரல் என்ட்ரி பற்றி யாரும் சொல்லாத விஷயம் இதுதான். அது ஒரு வருடத்தை மிச்சப்படுத்துகிறது. மிச்சமாகும் அந்த வருடத்துக்குள்தான் கணக்கு இருக்கிறது. மார்க் குறைந்த பிள்ளைக்கு எது வரவில்லையோ அதே பாடத்தைத் தாண்டித்தான் அந்த வழி உள்ளே விடுகிறது. உள்ளே போன பிறகு மூன்றாம் செமஸ்டரில் அது எதிரே வந்து நிற்கும்.

அந்தத் தாளில் எனக்கு அரியர். மறுபடியும் அரியர். மூன்றாவது முறைதான் தேறினேன். அதற்கு நான் செய்தது, ஈரோட்டில் பழைய புத்தகக் கடையில் ப்ளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தின் இரண்டு பாகத்தையும் வாங்கி, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தது. பி.இ. மூன்றாம் வருடம் படிக்கிறவன் ப்ளஸ் ஒன் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து விடுதியில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவன் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து விளக்கினான். அவனுக்கு நான் சி மொழியில் பாயின்ட்டர் சொல்லிக் கொடுத்தேன். இதையும் சொல்லத்தான் வேண்டும்: லேப் என்று வந்தால் டிப்ளமோ பிள்ளைகளுக்குக் கை நடுங்காது. கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டு மாட்டியவர்கள், புரோகிராமை வரிவரியாகக் காகிதத்தில் ஓட்டிப் பார்த்தவர்கள். நேராக வந்தவர்கள் முதல் வருடத்தில் தட்டுத்தடுமாறிக் கற்றதை நாங்கள் பாலிடெக்னிக் லேபிலேயே முடித்துவிட்டு வந்திருந்தோம்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மூன்றாம் செமஸ்டர் கணக்கு டிஸ்க்ரீட் மேத்தமெடிக்ஸ். அதே செமஸ்டரில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸும் உண்டு. பைத்தான் முதல் செமஸ்டரிலும் சி இரண்டாம் செமஸ்டரிலும் முடிந்துவிடும். லேட்டரலில் வருகிற பிள்ளை அந்த இரண்டையும் தானே படித்துக்கொண்டு வந்தாக வேண்டும்.

பையன் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில், "எனக்குக் கணக்கு வராது மாமா. ஸ்கூல்லயும் அதான் சொன்னாங்க" என்றான்.

மாமா வெளியில் முட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அன்றைய வரத்து 4,270. "எத்தனை அட்டை?" என்று பையனைக் கேட்டேன். ஒரு அட்டைக்கு 30 முட்டை. நான் போனை எடுப்பதற்குள், "142 அட்டை, பத்து மிச்சம்" என்றான். எப்படிப் போட்டாய் என்றதற்கு, "140 அட்டைக்கு 4,200. பாக்கி 70. ரெண்டு அட்டை போனா பத்து" என்றான். சின்ன வயதிலிருந்து அப்பாவோடு பண்ணையில் நின்று பழகியவன். ஒரு நோட்டை எடுத்து, சி மொழியில் 4,270-ஐ 30-ஆல் வகுத்தால் 142 கிடைக்கும், வகுத்தல் குறிக்குப் பதில் சதவீதக் குறியைப் போட்டால் மிச்சம் 10 கிடைக்கும் என்று எழுதிக் காட்டினேன். எந்த எண்ணைக் கொடுத்தாலும் அட்டையும் மிச்சமும் சொல்கிற புரோகிராமை நாலு வரியில் எழுதச் சொன்னேன். ப்ளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் 65 வாங்கியவன், எழுதிவிட்டான். பிறகு அவனாகவே, "பண்ணைல உடைஞ்ச முட்டையை முதல்ல கழிக்கோணும் மாமா" என்று இன்னொரு வரி சேர்த்தான். அப்புறம்தான் சாப்பிட உட்கார்ந்தான்.

அந்த ராத்திரியிலும் அடுத்த பத்து நாளிலும் எல்லா வழியையும் வருடக் கணக்காகப் போட்டுப் பார்த்தோம். மார்க் போட்ட இடத்தில் வருடத்தைப் போட்டுப் பார்த்தால் பயம் பாதி குறைகிறது. ப்ளஸ் டூவுக்குப் பிறகு நேராக பி.இ. என்றால் நாலு வருடம். டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டு என்றால் இரண்டும் மூன்றும் ஐந்து. பி.சி.ஏ. மூன்று, அதன்பின் எம்.சி.ஏ. இரண்டு, அதுவும் ஐந்து. 2020-க்கு முன் எம்.சி.ஏ. மூன்று வருடமாக இருந்தது, இப்போது இரண்டுதான். பத்தாவது முடித்த உடனேயே பாலிடெக்னிக் போனவர்களுக்கு மூன்றும் மூன்றும் ஆறு. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ, பி.இ. என்று போனாலும் அதே ஆறுதான். ஒரு வருடம்கூட நஷ்டம் இல்லை, அதோடு டிப்ளமோ முதல் வருடக் கணக்கும் முழுதாகக் கிடைக்கிறது. இருந்தும் எங்கள் பக்கம் பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக் போகிறான் என்றால் "ஏன், பையன் படிக்கலையா?" என்று கேட்கிறார்கள். சேலத்தில் தியாகராஜர் பாலிடெக்னிக் 1958-இலிருந்து இருக்கிறது. அங்கே படித்து வந்தவர்கள் எத்தனை பட்டறைகளிலும் அலுவலகங்களிலும் இருக்கிறார்கள் என்று அப்படிக் கேட்பவர்கள் ஒரு நாள் விசாரித்துப் பார்க்க வேண்டும்.

அரசு கலைக் கல்லூரிக்கும் விண்ணப்பம் போட்டோம். ஒரே ஆன்லைன் விண்ணப்பம், செலவு 50 ரூபாய். சேலம் அரசு கலைக் கல்லூரி, நாமக்கல் அறிஞர் அண்ணா கல்லூரி, ராசிபுரம் திருவள்ளுவர் கல்லூரி எல்லாமே பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. கட்டணம் குறைவு என்பதால் கம்ப்யூட்டர் வகுப்புதான் முதலில் நிரம்புகிறது, 298-க்கு வாய்ப்பு கம்மி. ஆனால் போட்டு வைப்பதில் நஷ்டம் இல்லை. வணிகவியல் குரூப் படித்த பிள்ளைகள் பி.சி.ஏ. சேருமுன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: பின்னால் டான்செட் எழுதி எம்.சி.ஏ. போகக் கணக்கு ப்ளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ இருந்தாக வேண்டும். அந்தக் கல்லூரியின் பி.சி.ஏ. பாடத்தில் கணக்குத் தாள் இருக்கிறதா என்று சேரும்முன்னே பார்த்துக்கொள்ளுங்கள். பி.எஸ்சி. முடித்தவர்களும் ப்ளஸ் டூவில் கணக்கு இருந்தால் பி.இ. இரண்டாம் ஆண்டுக்கு விண்ணப்பிக்கலாம். இன்ஜினியரிங் கிராஃபிக்ஸும் மெக்கானிக்ஸும் கூடுதலாக எழுத வேண்டியிருக்கும்.

பக்கத்துத் தெருவில் ஒரு பெண், வணிகவியல் குரூப், ஐ.ஐ.டி. மெட்ராஸின் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். 2020-இல் தொடங்கியது. ஜே.இ.இ. தேவையில்லை, ப்ளஸ் டூவில் எந்த குரூப் என்றாலும் சரி, பத்தாவதில் கணக்கும் இங்கிலீஷும் படித்திருந்தால் போதும். நாலு வாரம் அவர்களே பாடம் நடத்துகிறார்கள்: இங்கிலீஷ், கணக்கு, புள்ளியியல், கம்ப்யூட்டேஷனல் திங்கிங். வாராவாரம் அசைன்மென்ட், கடைசியில் நேரில் ஒரு தேர்வு. தேறினால் உள்ளே. நடுவில் நிறுத்தினாலும் அதுவரை படித்ததற்குச் சான்றிதழோ டிப்ளமோவோ உண்டு, வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. பழைய மார்க்கைக் கேட்காமல், முதலில் சொல்லிக் கொடுத்து அதிலிருந்து கேள்வி கேட்கிறார்கள் பாருங்கள், எனக்கு அந்த முறையின் மேல் பெரிய மரியாதை. நம் ஊர்த் தமிழ் மீடியம் பிள்ளைக்கு ஐ.ஐ.டி. படிப்பில் தடுப்பது இங்கிலீஷ் வீடியோதான். அந்தப் பெண் ஒரு வீடியோவை மூன்று முறை பார்க்கிறாளாம். எங்கள் பையன் இரண்டு பார்த்துவிட்டு வேண்டாம் என்றான், நான் வற்புறுத்தவில்லை.

ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தின் பள்ளியையும் விசாரித்தோம். 2005 வாக்கில் தொடங்கி, ப்ளஸ் டூ, டிப்ளமோ பிள்ளைகளை மார்க் பார்க்காமல் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். கட்டணம் இல்லை, உதவித்தொகை கொடுத்துச் சொல்லிக் கொடுத்து வேலையும் தருகிறார்கள். பட்டம் கிடையாது. "பட்டம் இல்லாம எப்பிடி மாப்ள" என்று மாமா இழுத்தார். அவர் தலைமுறையில் பட்டதாரியே இல்லாத வீடு அது. அந்த வார்த்தைக்கு மேல் நான் பேசவில்லை.

பையன் கடைசியில் என் வழியையே எடுத்தான். டிப்ளமோ கம்ப்யூட்டர், நேராக இரண்டாம் ஆண்டு. ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன்: தாண்டிய முதல் வருடத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு உட்கார்ந்து படிக்க வேண்டும். ப்ளஸ் ஒன் கணக்கு இரண்டு தொகுதியும் பாடநூல் கழகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. முதல் தொகுதியிலிருந்து ஆரம்பித்தோம்.

இந்த இடத்தில் மனதில் இருக்கும் கவலையையும் எழுதிவிடுகிறேன். ப்ளஸ் ஒன்னை நடத்தாமல் தாண்டும் பழக்கத்தை நிறுத்தத்தான் 2017-18இல் ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அந்தப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டது. பிள்ளைகளின் சுமை குறையட்டும் என்ற நோக்கம் புரிகிறது. ஆனால் ப்ளஸ் ஒன் புத்தகத்தைத் திறக்காமல் இரண்டு வருடம் படித்தவன் நான். பள்ளியில் சேர்க்கும் பெற்றோர் ஜூலை மாதம் பிள்ளையின் பையைத் திறந்து, உள்ளே எந்த வகுப்புப் புத்தகம் இருக்கிறது என்று பாருங்கள்.

பையன் இப்போது டிப்ளமோ இறுதியாண்டு. காரைக்குடிக்கு விண்ணப்பம் திறந்ததும் போட வேண்டும், சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட் எல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறான். சி நன்றாக வருகிறது, பைத்தானில் பண்ணைக்கு முட்டை வரத்துக் கணக்கு எழுதும் ஒரு சின்ன புரோகிராம் செய்து மாமாவின் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறான். மாமா நோட்டிலும் எழுதி, போனிலும் போட்டு, இரண்டையும் ஒத்துப் பார்க்கிறார்.

போன ஞாயிறு இரண்டாம் தொகுதியில் இன்டக்ரேஷன் பாடம். பெர்னோலி சூத்திரம். எக்ஸ் ஸ்கொயர், காஸ் என்எக்ஸ். அதே கணக்கைத்தான் கொடுத்தேன். இரண்டாவது உறுப்பில் கழித்தல் குறியைத் தவறவிட்டான், அழித்தான், மறுபடி முதலிலிருந்து போட்டான். இந்த முறை சரி. "இதுல உங்களுக்கு மூணு அட்டெம்ப்ட் ஆச்சா மாமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அடுத்த கணக்குக்குப் பக்கத்தைத் திருப்பினான்.